நான் மன்னித்த அண்ணனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமா?

பள்ளத்தூரிலிருந்து ஒரு தங்கச்சி இந்த இணைய இழையில் கேட்டது, 2024 பிப்ரவரி 3

அக்கா, அம்மா எனக்குப் போட்ட நகையை அண்ணன் அவசரம் என்று வாங்கிப்போய் அடகு வைத்தான். மீட்கவில்லை, ஏலத்தில் போய்விட்டது. ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்து அழுதான். மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன். இப்போது வங்கியில் கடன் வாங்க ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறான். மாட்டேன் என்றால், "அப்போ நீ மன்னித்தது பொய்யா?" என்கிறான். அம்மாவும் அவன் பக்கம். மனத்தாங்கலோடு பூசையில் நற்கருணை அப்பம் வாங்கக் கூடாது என்பார்களே, கையெழுத்துப் போடாமல் போய் வாங்குவது சரியா?

பிப்ரவரி 3, இரவு

கையெழுத்துப் போடாதீர்கள். நற்கருணை வாங்குங்கள். விளக்கம் நாளை மறுநாள். விடிந்தால் ஓரியூர் போக வேண்டும்.

பிப்ரவரி 5

ஓரியூர் போய் வந்தாயிற்று. அங்கே தலை வெட்டப்பட்ட போர்ச்சுகல் சாமியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) திருநாளும் ஞாயிற்றுக்கிழமையும் இந்த வருஷம் ஒன்றாக வந்ததில் நல்ல கூட்டம். அவர் இரத்தம் சிந்திய இடத்துச் செம்மண் பொட்டலம் கேட்டு வைத்திருந்தவர்களுக்கு வாங்கி வந்திருக்கிறேன், காரைக்குடிப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் இரண்டு தனித்தனிக் காரியங்களை ஒரே முடிச்சாகப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். நகை போனது நடந்து முடிந்தது. அதற்கு அவரைப் பழிவாங்க மாட்டேன், ஊர் முழுக்கச் சொல்லித் திரிய மாட்டேன், அவர் கெட்டுப்போக வேண்டும் என்று நினைக்க மாட்டேன் என்று முடிவெடுத்தீர்களே, அதுதான் மன்னிப்பு. ஜாமீன் என்பது இனிமேல் நடக்கப்போவது. அதற்கு அவர் பேரில் நம்பிக்கை வேண்டும். மன்னிப்பை ஒரே நாளில் கொடுத்துவிடலாம். நம்பிக்கையை அவர் நடந்துகாட்டித்தான் வாங்க முடியும்.

ஜாமீன் என்றால் சும்மா சாட்சிக் கையெழுத்து என்று நம் பக்கம் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரிடம் கேட்டுவிட்டு அப்புறம்தான் உங்களிடம் வர வேண்டும் என்கிற கட்டாயமும் வங்கிக்குக் கிடையாது.

வேதத்திலும் இருக்கிறது. நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம் தொடங்குவதே பிணை நிற்காதே என்றுதான். அப்படியே வாய் கொடுத்து மாட்டியிருந்தால் தூங்காமல் போய்க் கெஞ்சியாவது தப்பித்துக்கொள் என்கிறது. வேடன் கையிலிருந்து மான் தப்புகிற மாதிரி.

பிப்ரவரி 6

தேவகோட்டைத் தம்பி ஒரு மடக்கு மடக்கியிருக்கிறார்: "ஓரியூர் போய் வந்து இப்படிப் பேசலாமா? அருளானந்தர் தன்னை அடித்தவர்களிடமே திரும்பி வரவில்லையா?"

வந்தார்தான். 1686-இல் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். இந்தச் சீமையில் போதிக்கக் கூடாது என்று ராமநாதபுரம் ராஜா சேதுபதி சொல்லி விட்டுவிட்டார். லிஸ்பனுக்குப் போனவரைப் போர்ச்சுகல் ராஜா அங்கேயே இருக்கச் சொல்லியும் கேட்காமல் 1690-இல் மறுபடி வந்தார். அந்தச் சேதுபதியின் மறவர் நாட்டுக்கே வந்தார். அங்கே இளவரசர் தடியத் தேவருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, ஒரு மனைவியோடுதான் வாழ வேண்டும் என்று சொல்ல, விலக்கப்பட்ட மனைவிகளில் ஒருவர் சேதுபதி வீட்டுப் பெண்ணாக இருக்க, விஷயம் அரண்மனைக்குப் போய், 1693 பிப்ரவரி 4 அன்று பாம்பாற்றங்கரையில் தலை போனது.

தம்பி, அவர் கொண்டுவந்தது தன் கழுத்தை. அடுத்தவர் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணத்தையும் வீட்டுப் பத்திரத்தையும் கொண்டுவரவில்லை. தங்கச்சிக்கு இரண்டு பிள்ளைகள் என்று தனியாக எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்டால் மாட்டுவது அவர் மட்டுமா?

இன்னொன்று. அருளானந்தர் சேதுபதியை நம்பி வந்தார் என்று எங்கேயும் படித்ததில்லை. அவர் நம்பியது வேறு ஆளை.

பிப்ரவரி 8

"ஆண்டவரை நம்பிக் கையெழுத்துப் போடுங்கள், அவர் பார்த்துக்கொள்வார், ஆமென்" என்று ஒருவர் எழுதி, அதற்கும் பதினைந்து பேர் ஆமென் போட்டிருக்கிறார்கள். குதி, ஆண்டவர் தாங்கிக்கொள்வார் என்று கோயில் உச்சியில் நிறுத்திச் சொன்னது யார் என்று மத்தேயு 4-ஐ எடுத்துப் பாருங்கள். பதினைந்து பேரும் சேர்ந்தே பாருங்கள்.

கடவுள்மேல் நம்பிக்கை வேறு, அண்ணன்மேல் நம்பிக்கை வேறு. யோவான் 2-ஆம் அதிகாரக் கடைசியில் ஓர் இடம் வரும், பிரசங்கத்தில் அதிகம் கேட்டதில்லை. எருசலேமில் பல பேர் இயேசுவை நம்பினார்களாம். அவரோ தம்மை அவர்களிடம் ஒப்படைக்கவில்லையாம், மனுஷர் மனசில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமாம். பேதுருவை மன்னித்தவர், சிலுவையில் கொன்றவர்களுக்காக மன்றாடியவர், அவரே இப்படி.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

தவக்காலம் தொடங்குகிறது, இன்று ஒருபொழுது, கடையும் அரை நாள்தான். காதலர் தினமும் இதே நாளில் வந்து கல்லூரிப் பிள்ளைகள் பாடு திண்டாட்டம். நெற்றியில் சாம்பலும் கையில் ரோஜாவுமாக ஒரு பையனைப் பார்த்தேன்.

போன வாரம் சொல்ல விட்டுப்போனது: அருளானந்தர் இறந்த 1693 பிப்ரவரி 4-ம் சாம்பல் புதன்தான். அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 22-இல், அதற்கு முந்தி வரவே முடியாத தேதி.

பிப்ரவரி 16

என் சொந்தக் கதையைக் கேட்கிறார்கள். "அக்கா சட்டம் பேசுவது சரி, உங்களுக்கு நடந்திருந்தால் தெரியும்" என்று கானாடுகாத்தான் சார் எழுதியிருக்கிறார். நடந்தது சார்.

நாங்கள் பலகாரம் போடுகிறவர்கள். சீர் வரிசைக்கு முறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்தினோம். கல்யாண சீசனில் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் மொத்தமாகச் சொல்வார்கள், முன்பணமும் கொடுத்துவிடுவார்கள். கொழுந்தன் ஒவ்வொரு வீட்டுக்கும் தன் தனி நம்பரைக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியும்போது பழைய வாடிக்கையில் பாதி அவர் பக்கம் போயிருந்தது. முன்பணமும் அவரிடம், அதற்கான மாவும் வெல்லமும் எங்கள் செலவில்.

அதற்கப்புறம் கோயிலில் பூசை எனக்கு நரகம்தான். கொழுந்தன் ஆம்பிளைகள் பக்கம், கண்ணில் படமாட்டார். ஓரகத்தி எனக்கு இரண்டு வரிசை முன்னால். பிரசங்கம் முழுக்க அவள் கழுத்துச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு, இது எந்த வீட்டு ஆர்டர் பணம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொல்கிறபோது எல்லாரும் திரும்பிக் கும்பிடுவார்கள் இல்லையா, நான் சரியாக அந்த நேரம் பார்த்துப் பின்னால் இருக்கிற பாட்டியைக் கும்பிடத் திரும்பிவிடுவேன். பாட்டிக்கு என்மேல் ஏகப்பட்ட பிரியம் வந்துவிட்டது.

பாவசங்கீர்த்தனத்தில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற இடத்தில், சொன்னேன். சாமியார் பெரிய உபதேசம் எதுவும் செய்யவில்லை, அவருக்காகத் தினமும் வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். கொழுந்தன் கடையில் கூட்டம் கூடட்டும் என்று வேண்ட எனக்கு நாக்கு எழவில்லை. அப்போது அவர் சின்ன மகளுக்கு டெங்கு. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விடட்டும் என்று வேண்ட வந்தது. வருகிற இடத்திலிருந்து ஆரம்பித்தேன். கடைக்காக வேண்டும் அளவுக்கு வர வெகுகாலம் ஆனது, இப்பவும் அரைமனசுதான்.

சேர்ந்து தொழில் செய்ய வாருங்கள் என்று கொழுந்தன் திரும்பக் கூப்பிட்டார். போகவில்லை. அவர் மகள் புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) அதிரசம் நான்தான் சுட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்தது, இதில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை.

பிப்ரவரி 17

சீப்புச் சீடை எப்படிச் சுருட்டுவது என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து வேறு இழையில் கேளுங்கள். தவக்காலம் இது, வாயைக் கட்டுங்கள்.

பிப்ரவரி 23

இன்றைக்குப் பூசையில் மத்தேயு 5. பீடத்தில் காணிக்கை வைக்க வந்த இடத்தில் உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருக்கிறது என்று ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் சமரசம் செய்துகொள். தவக்காலத்து முதல் வார வெள்ளிக்கிழமைக்கு இதுதான் வாசகம்.

தங்கச்சியின் அம்மா மகளைக் குத்துவது இந்த வசனத்தை வைத்துத்தான் என்று தனி மடலில் சொன்னார். நிதானமாகப் படியுங்கள். காணிக்கையை விட்டுவிட்டு ஓட வேண்டியது யார்? யார்மேல் குறை இருக்கிறதோ அவர். நகையைத் தொலைத்தவர் அண்ணன். எழுந்து போக வேண்டியவரும் அண்ணன். கிறிஸ்துமஸுக்கு வந்தார், சரி, நல்லது. அழுதார், அதுவும் நல்லது. நகைக்கு என்ன சொன்னார்? நகை போனதற்கு அழுகை மட்டும் போதுமா? வரி வசூலித்த சக்கேயு, இயேசு கூப்பிட்டு மரத்திலிருந்து இறங்கியதும் யாரையாவது ஏமாற்றியிருந்தால் நாலு மடங்கு கொடுக்கிறேன் என்றுதானே சொன்னான். எனக்கு ஒரு ஜாமீன் போடுங்கள் ஆண்டவரே என்று கேட்கவில்லையே.

பிப்ரவரி 25

சி.எஸ்.ஐ. சபையிலிருந்து ஓர் ஐயா, மாற்கு 11:25-ஐயும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்கிறார். நின்று ஜெபிக்கும்போது உனக்கு யார்மேலாவது குறை இருந்தால் மன்னி என்று அது நம் பக்கம் திரும்புகிறது. சரியான பேச்சு. இரண்டையும் சேர்த்தால் இப்படி வருகிறது: குற்றம் செய்தவர் எழுந்து போக வேண்டும், பட்டவர் நின்ற இடத்திலேயே மன்னிக்க வேண்டும். அவர் வருகிற வரைக்கும் மன்னிப்பைப் பிடித்துவைக்க நமக்கு அனுமதி இல்லை. எனக்கு இது கசக்கிறது. கொழுந்தன் இன்றுவரை வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தங்கச்சிக்கு ஓர் உபரி. அண்ணனைப் பார்த்தால் வயிறு எரிகிறது, அதனால் நற்கருணை வாங்கப் பயம் என்கிறீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2843-ஆம் எண்ணை உங்கள் சாமியாரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். பட்ட காயத்தை உணராமலிருப்பதோ மறப்பதோ நம் கையில் இல்லை என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. வயிறு எரிவது பாவம் இல்லை. எரிகிறது என்பதற்காக அவர் வீட்டில் தீ வைக்கத் திட்டம் போட்டால்தான் பாவம்.

மார்ச் 5

இன்று வாசகம் மத்தேயு 18. எத்தனை தடவை மன்னிப்பது, ஏழு தடவையா என்று பேதுரு கேட்கிற இடம், அதற்கடுத்து கடன்பட்ட ஊழியன் கதை.

கடனும் வட்டியுமாகவே வளர்ந்த சீமை இது, இந்தக் கதையைக் கணக்குப் போடாமல் விட முடியுமா? ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. அந்த ஊழியன் ராஜாவுக்குத் தர வேண்டிய பத்தாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் இரண்டு லட்சம் வருஷம் உழைக்க வேண்டும். அவன் ராஜாவின் காலில் விழுந்து, பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன் என்கிறான் பாருங்கள், அந்தத் தைரியத்தை என்ன சொல்ல! ராஜா தள்ளுபடி செய்துவிடுகிறார். வெளியே வந்ததும் தன்னிடம் நூறு தெனாரியம் வாங்கியவன் கழுத்தைப் பிடிக்கிறான்.

நூறு தெனாரியம் சின்னத் தொகை என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். சின்னது இல்லை. நூறு நாள் கூலி, கிட்டத்தட்ட நாலு மாசச் சம்பளம். தங்கச்சி நகை மாதிரி, என் வெல்லம் மாதிரி, நிஜமான நஷ்டம். ஆறு கோடிக்கு முன்னால்தான் அது சின்னது. உனக்கு நஷ்டமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை, அதனால்தான் இந்தக் கதைமேல் எனக்கு மரியாதை.

ராஜா கடைசியில் தள்ளுபடியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார், அதைத்தான் என்னால் சுலபமாகக் கடக்க முடியவில்லை. ஞாயிறு தோறும் எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல என்று நாமே வாய்விட்டுச் சொல்கிறோம். அளவுகோலை நாமே எடுத்து நீட்டுகிறோம். சில ஞாயிற்றுக்கிழமை அந்த வரியில் நான் குரலைக் குறைத்துவிடுவதுண்டு.

மார்ச் 6

நேற்று எழுதியதைப் பக்கத்து வீட்டு ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். அவர்கள் நகரத்தார், எங்கள் கோயிலுக்கு மெழுகுவர்த்தி மட்டும் ஏற்ற வருவார்கள். பர்மாவில் கொண்டுவிற்ற, அதாவது வட்டிக்குக் கொடுத்து வாங்கிய, குடும்பம். முழுசாகக் கேட்டுவிட்டு, "சரித்தான் ஆத்தா, ராசா கடனைத் தள்ளினாரே, அவனுக்கே மறுபடி கடன் கொடுத்தாரா?" என்றார்கள்.

கொடுக்கவில்லை ஆச்சி. கதையில் அப்படி எதுவும் இல்லை. இத்தனை வருஷம் இந்தக் கதையைக் கேட்டும் எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதில்லை.

மார்ச் 10

இழை போலீஸ் வரைக்கும் போய்விட்டது. கிறிஸ்தவர் மன்னித்துவிட்டால் புகார் கொடுக்கக் கூடாது, கொடுத்ததை வாபஸ் வாங்க வேண்டும் என்று ஒருவர் அடித்துப் பேசுகிறார். கோபமாக எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். ஓர் ஆளைச் சொல்கிறேன்.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளர்களுக்குப் பணி செய்த ஆஸ்திரேலியர் கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு மகன்களையும் வண்டியோடு எரித்துக் கொன்றார்கள். பிள்ளைகளுக்குப் பத்து வயசு, ஆறு வயசு. மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். உடனே ஊரைவிட்டுப் போகவும் இல்லை, தொழுநோயாளர்களுக்கான பணியைத் தொடர்ந்தார். 2005-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வழக்கு அது பாட்டுக்கு நடந்தது. முதல் குற்றவாளிக்கு முதலில் மரண தண்டனை, அதை ஒடிசா உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது, 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆயுளை உறுதிசெய்தது. நான் மன்னித்துவிட்டேன், வழக்கை மூடுங்கள் என்று அந்த அம்மா சொல்லவில்லை. அவர் மன்னிப்பில் யாராவது குறை சொல்ல முடியுமா?

அடி வாங்கிக்கொண்டு புருஷனோடு இருக்கிற பெண்களிடம் "மன்னித்து விடும்மா" என்று சொல்லி அனுப்புகிற பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அந்த வீட்டில் கதவைச் சாத்தினதுக்கப்புறம் நடப்பதை இவர்களா வாங்கப்போகிறார்கள்?

மார்ச் 12

தேவகோட்டைத் தம்பி விடுவதாக இல்லை. "நீதிமொழி பிணை வேண்டாம் என்கிறது. ஆனால் ஆதியாகமத்தில் யூதா தன் கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பிணை நின்றாரே? அது குடும்ப அன்பு இல்லையா?" என்கிறார்.

தம்பி, இதற்காகவே உங்களுக்கு ஒரு டப்பா மாவுருண்டை, ஈஸ்டர் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். யூதா யார்? 37-ஆம் அதிகாரத்தில் தம்பி யோசேப்பை இருபது வெள்ளிக்கு விற்கலாம் என்று யோசனை சொன்னவரே அவர்தான். 43-இல் வந்து, பென்யமீனுக்கு நான் பிணை, திரும்பக் கொண்டுவராவிட்டால் ஆயுசுக்கும் பழி என்மேல் என்று அப்பாவிடம் சொல்கிறார். 44-இல் பிள்ளைக்குப் பதிலாக நான் அடிமையாக நிற்கிறேன் என்கிறார். கெடுத்தவர் பிணை நின்றார். கெட்டுப்போன யோசேப்பு யாருக்கும் பிணை நிற்கவில்லை.

யோசேப்பு செய்ததையும் பாருங்கள். எகிப்தில் அதிகாரி ஆன பிறகு, பசியோடு வந்த அண்ணன்மாருக்குத் தானியம் கொடுத்தார், அவர்கள் பணத்தையும் மூட்டையிலேயே திரும்ப வைத்தார். ஆனால் நான்தான் யோசேப்பு என்று சொல்லவில்லை. ஒருவனைக் காவலில் வைத்தார், வெள்ளிக் கோப்பையை ஒளித்துவைத்துச் சோதித்தார். இன்னொரு தம்பியையும் விட்டுவிட்டு ஓடுகிறார்களா என்று பார்த்தார். யூதா ஓடவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாய்விட்டு அழுது கட்டிப்பிடித்தார். சோறு முதல் நாளே போட்டார், கட்டிப்பிடிக்கத்தான் நாள் எடுத்துக்கொண்டார்.

மார்ச் 13

தங்கச்சியின் தனி மடல்: அண்ணனுக்கு எப்படிச் சொல்வது, சண்டை வராமல்?

சண்டை வரும். வராமல் சொல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் சுற்றிவளைக்காதீர்கள். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார், ஆதாரில் பேர் தப்பாக இருக்கிறது என்றெல்லாம் சொன்னால் அவர் அதைச் சரிசெய்து கொண்டுவந்துவிடுவார். "நகை போனதை நான் கேட்க மாட்டேன். ஜாமீன் போட மாட்டேன். உன் பிள்ளைகளுக்குப் புத்தகம், துணி வேண்டுமென்றால் முடிந்ததைத் தருகிறேன்." இவ்வளவுதான். நகையைக் கேட்க மாட்டேன் என்பதை மனசு ஒத்துக்கொண்டால் மட்டும் சொல்லுங்கள். மாசம் கொஞ்சமாகக் கொடு என்று கேட்பதும் மன்னிப்புக்கு விரோதம் இல்லை.

அம்மாவிடம் வசனம் பேசாதீர்கள். அம்மாக்களுக்கு எந்தப் பிள்ளை தாழ்ந்து கிடக்கிறதோ அந்தப் பிள்ளை பக்கம்தான் வசனம் தெரியும்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

சொல்லிவிட்டாராம். அண்ணன் போனை வைத்துவிட்டாராம், அம்மா இரண்டு நாள் பேசவில்லையாம். இன்று பூசைக்குப் போய் நற்கருணை வாங்கினேன், அழுகை வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். அழுதால் என்ன, கோயிலில் அழாமல் பஸ் ஸ்டாண்டிலா அழ முடியும்?

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்: காட்டிக்கொடுத்த யூதாசின் காலையும் இயேசு கழுவினாரா? யோவான் 13-ஐ வரிசையாகப் படித்தால் கழுவுகிறபோது யூதாஸ் அங்கேதான் இருக்கிறான், வெளியே போவது அப்பத்துண்டை வாங்கிய பிறகு. பணப்பையும் அவனிடம்தான் இருந்தது என்று அதே அதிகாரத்தில் வருகிறது. என்னடா, பிணை வேண்டாம் என்கிற அக்காவின் வாதத்தை இது உடைக்கிறதே என்று தேவகோட்டைத் தம்பி எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஓரகத்தியின் காலைக் கழுவச் சொன்னால் கழுவுவேனா என்று யோசித்தேன். கழுவுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆர்டர் நோட்டைக் கொடுக்க மாட்டேன்.

மார்ச் 30

தங்கச்சி கடைசியாகக் கேட்டது: ஈஸ்டருக்கு அண்ணன் குடும்பத்தைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் மறுபடி கையெழுத்துப் பேச்சு வருமே.

கூப்பிடுங்கள். வந்தால் வரட்டும். பேச்சு வந்தால் முன்னே சொன்ன அதே பதிலைச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுங்கள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் தனியாக போன் செய்து கூப்பிடுங்கள், அண்ணன் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள், சொல்ல மாட்டார்.

நான் இனி செவ்வாய்க்கிழமைதான் இந்தப் பக்கம் வருவேன். ஈஸ்டர் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, இன்றிரவு பாஸ்காப் பூசைக்கு முன்னால் இரண்டு அடுக்கு தேன்குழல் பிழிந்து முடிக்க வேண்டும்.